இருட்டைக் கேட்கும் கருவி

தொலைக்காட்சிப் பெட்டிக்குள் எப்போதும் இரண்டு கருவிகள் சேர்ந்தே இருந்துவந்திருக்கின்றன. வானலை வழியாகவோ கேபிள் வழியாகவோ வரும் சமிக்ஞையைப் பிடித்துத் தரும் ட்யூனர் ஒன்று. பிடித்ததை ஒளியாக்கிக் காட்டும் திரை மற்றொன்று. இரண்டும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருந்ததால் பெறுவதும் பார்ப்பதும் ஒரே செயல் என்ற எண்ணம் வீடுகளில் தானாகவே படிந்துவிட்டது. வரி விதிக்கும் சட்டம் மட்டும் இந்த இரட்டைத் தன்மையை மறக்கவில்லை. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டின் 8528ஆம் தலைப்பு, தொலைக்காட்சிச் சமிக்ஞையைப் பெறும் வசதி இல்லாத மானிட்டர்களையும் புரொஜெக்டர்களையும் ஒரு பக்கத்திலும், அந்த வசதி உள்ள தொலைக்காட்சிகளை மறுபக்கத்திலும் நிறுத்துகிறது. பிரான்ஸ் இந்தப் பிரிவை இன்னும் கறாராகக் கையாண்டது. பொது ஒளிபரப்பு நிறுவனங்களை நடத்துவதற்காக அங்கே வீடுதோறும் ஆண்டுக்கொருமுறை வசூலிக்கப்பட்ட கட்டணம், 2022இல் நீக்கப்படும்வரை, வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா என்ற கேள்வியையே அடிப்படையாகக் கொண்டிருந்தது; கடைசி ஆண்டுகளில் அது 138 யூரோ. ட்யூனர் பொருத்திய புரொஜெக்டர் தொலைக்காட்சிக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. ட்யூனர் இல்லாத புரொஜெக்டர் எத்தனை பெரிய படத்தைக் காட்டினாலும் அந்தக் கணக்கில் வரவில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் வாழும் புதுச்சேரியில் இந்தச் சட்ட நுணுக்கம் முற்றிலும் அந்நியமானதல்ல. ஆயினும் இந்த நகரின் வடமேற்கு விளிம்பில், திண்டிவனம் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் கோரிமேட்டில் தொலைக்காட்சி இல்லாமல் புரொஜெக்டர் மட்டும் வைத்துக்கொள்ளும் எண்ணம் எழுவதற்கு வரியோ கட்டணமோ காரணமாக இருப்பதில்லை. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1964இல் கோரிமேட்டு வளாகத்தில் நிலைகொண்டதிலிருந்து, படிக்க வருவோரும் பணிக்கு வருவோரும் சில ஆண்டுகள் தங்கிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும் இடமாகவும் கோரிமேடு ஆகிவிட்டது. வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடைப்பது அரிது. ஊர் மாறும்போது ஐம்பத்தைந்து அங்குலக் கண்ணாடிப் பலகையை லாரியில் ஏற்றி, உடையாமல் இறக்குவது அதைவிடச் சிரமம். இணைய இணைப்பு வந்துவிட்ட வீட்டில் செய்தியும் படமும் கிரிக்கெட்டும் இணையம் வழியாகவே வந்துவிடுவதால், ட்யூனரின் தேவையும் மறைந்துபோகிறது. எஞ்சுவது பார்க்கும் பரப்பு மட்டுமே என்னும்போது, வெள்ளைச் சுவரே போதும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அந்த முடிவு ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருளை வைப்பதோடு நின்றுவிடுகிறதா, அல்லது வீட்டுக்குள் இருப்போரின் நேரத்தையும் வேலையையும் மாற்றச் சொல்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நகரும் படம் பிறந்தபோதே அதற்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. 1894இல் நியூயார்க்கில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட எடிசனின் கினட்டாஸ்கோப், ஒருவர் மட்டும் குனிந்து துளை வழியாகப் பார்க்கும் பெட்டி. 1895 டிசம்பர் 28 அன்று பாரீஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக் காட்டிய சினிமாட்டோகிராஃப், ஒளியைச் சுவரின் பக்கம் வீசி, ஓர் அறையில் இருந்த அத்தனை பேரையும் ஒரே படத்தைப் பார்க்க வைத்தது. பிற்கால உலகம் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. தமிழகத்துக்கு அந்தத் தேர்வு ஒரு பிரெஞ்சுக்காரர் வழியாகவே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. படக்கருவியோடு தென்னிந்தியாவில் சுற்றிவந்த துய்ப்பான் என்பவரிடமிருந்து, திருச்சியில் ரயில்வேயில் வேலைபார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் அந்தக் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். டூரிங் டாக்கீஸ் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற மரபின் தொடக்கம் அதுவே.

வீசப்பட்ட ஒளி தமிழகத்தில் ஒரு சமூகக் காரியத்தையும் செய்தது. பரம்பரையாக ஒருவர் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்துவந்த சமூகத்தில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் சினிமாக் கொட்டகையே என்று கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேறுபாடு அங்கேயும் இருந்தது. ஆனால் அதைத் தீர்மானித்தது டிக்கெட்டின் விலை. இருட்டு இதற்குத் துணைசெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெளிவாகத் தெரியாத இருளில் எல்லாக் கண்களும் ஒரே வெள்ளைத் துணியில் பதிந்திருந்தன.

புதுச்சேரியில் இந்தப் பொதுத்தன்மை வணிகத் திரையரங்கோடு நின்றுவிடவில்லை. 1889இல் தொடங்கப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சுப் படங்களைத் திரையிட்டுவந்திருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விளையாட்டுத் திடலில் ஆசிரமத்தாருக்குப் படம் காட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆரோவில்லில் நகர மன்றக் கட்டடத்தின் அரங்கில் சினிமா பாரடைசோ இயங்குகிறது. புதுச்சேரி அரசு, நவதர்ஷன் திரைப்படக் கழகத்தோடும் அலியான்ஸ் பிரான்சேஸோடும் சேர்ந்து நடத்தும் திரைப்பட விழாவில் சிறந்த தமிழ்ப் படத்துக்கு வழங்கும் விருது, 1922இல் இதே ஊரில் காலமான நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படத் திரையிடலைத் தொடங்கியது. இவை எல்லாவற்றிலும் கருவி ஒன்றே: தூரத்தில் ஒரு விளக்கு, நடுவில் மனிதர்கள், எதிரே ஒரு வெண்பரப்பு.

தொலைக்காட்சி இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபின் சில ஆண்டுகள் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்ததும், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுத் திண்ணையில் நிறைந்ததும், அடுத்த பத்தாண்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்ததும் கொட்டகைப் பழக்கத்தின் தொடர்ச்சியே. பெட்டி மலிந்தபோது அந்தத் தொடர்ச்சி அறுந்தது. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. இனிப் படம் பார்க்க யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை என்ற நிலை ஒரு பெரிய சமத்துவம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் ஒவ்வொரு வீடும் தன் பெட்டியோடு தனித்து நின்ற காலத்தின் தொடக்கமும் அதுவே.

தொலைக்காட்சியின் இயல்பை விளக்க, வேல்ஸைச் சேர்ந்த விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் 'ஓட்டம்' என்னும் கருத்தை முன்வைத்தார். நிகழ்ச்சி, விளம்பரம், அறிவிப்பு, அடுத்த நிகழ்ச்சி என்று முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் பார்வையாளர் எந்த இடத்திலும் இறங்கலாம், எந்த இடத்திலும் கரையேறலாம் என்பது அதன் சாரம். இந்த ஓட்டத்துக்கு இருட்டு வேண்டாம், அமைதி வேண்டாம், முழுக் கவனமும் வேண்டாம். கைப்பேசியோ மறுபடி எடிசனின் பெட்டியாக வந்து சேர்ந்தது: ஒரே அறையில் நால்வர் நான்கு துளைகளில் குனிந்திருக்கிறார்கள். இணையம் வழியாகப் படத்தை வரவழைத்துச் சுவரில் வீசும் புரொஜெக்டர், எடிசனின் தனிப் பார்வையாளரிடமிருந்து லூமியரின் கூட்டத்துக்கு வீட்டைத் திருப்பிவிடும் வாய்ப்பைக் கொண்டிருக்கிறது. அந்த வாய்ப்பு எந்த நிபந்தனைகளின் பேரில் கிடைக்கிறது என்பதைக் கருவியின் கணக்கே சொல்லிவிடும்.

புரொஜெக்டரின் வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமென். கருவி வெளியே தள்ளும் மொத்த ஒளியின் அளவு அது. திரையின் ஒன்பது இடங்களில் வெளிச்சத்தை அளந்து சராசரி காணும் முறையில் கிடைப்பது ஆன்சி லூமென் எனப்படும். பெட்டியின்மேல் பல ஆயிரம் லூமென் என்று அச்சிட்டு விற்கப்படும் மலிவுக் கருவிகள் பல, இந்த முறையில் அளந்தால் சில நூறைத் தாண்டுவதில்லை. '4கே சப்போர்ட்' என்னும் சொற்களும் அப்படித்தான்: 4கே அளவில் வரும் படத்தைக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள், சுவரில் விழுவது அதற்குள் இருக்கும் சில்லின் சொந்தப் புள்ளிகளே.

நேர்மையாக 500 ஆன்சி லூமென் தரும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூலைக்கு மூலை நூறு அங்குலம் உள்ள அகலத்திரைப் படத்தின் அகலம் ஏறத்தாழ ஏழேகால் அடி, உயரம் நான்கு அடிக்குச் சற்று மேல், பரப்பு 2.76 சதுர மீட்டர். 500 லூமென் அந்தப் பரப்பில் விரியும்போது சதுர மீட்டருக்கு 181 லூமென், அதாவது 181 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. நல்ல வெள்ளைப் பரப்பு அதைத் திருப்பித் தரும்போது கண்ணுக்குக் கிடைக்கும் பிரகாசம் சுமார் 58 நிட். நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளியின் அலகு. சாதாரணத் தொலைக்காட்சி 300 நிட் வரை தரும் என்பதால் 58 என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட தரம் 48 நிட் மட்டுமே. அந்த வெளிச்சத்தில்தான் உலகம் படம் பார்க்கிறது. அரங்கம் இருட்டாக இருப்பதே அது போதுமானதாவதற்குக் காரணம்.

அதே அறையில் ஒரு டியூப்லைட் எரிந்து, சுவரில் 100 லக்ஸ் விழுவதாகக் கொண்டால், படத்தின்மேல் 32 நிட் வெண்மை பூசப்பட்டுவிடுகிறது. படத்தின் மிக வெளிச்சமான பகுதி 90 நிட். இருண்டிருக்க வேண்டிய பகுதி 32 நிட். கறுப்பு, வெள்ளையின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிறிப்போகிறது. நாயகன் இரவில் காட்டுக்குள் நடக்கும் காட்சியில் சுவரின் சுண்ணாம்புதான் தெரியும். இதற்கு அடிப்படையான காரணம் ஒன்றுண்டு: எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடத்தில் சுவரின் நிறம் எதுவோ அதுவே படத்தின் கறுப்பு. ஆகவே படத்தின் பாதியைக் கருவி தருகிறது, மறுபாதியை அறையின் இருட்டு தருகிறது. கடையில் வாங்கக் கிடைப்பது முதல் பாதி மட்டுமே.

அளவைக் குறைப்பது அழகைக் குறைப்பதாகாது என்பதையும் இந்தக் கணக்கு காட்டும். நூறு அங்குலத்தை எண்பதாகச் சுருக்கினால் அதே கருவியின் பிரகாசம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடி 90 நிட்டை எட்டுகிறது. பத்தடி நீள அறைக்கு எண்பதே தாராளம். கருவிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்து வருவதை வீச்சு விகிதம் என்பார்கள். அது 1.2 ஆக உள்ள கருவியில் எண்பது அங்குலப் படத்துக்கு ஏழடி தூரமும், நூறு அங்குலத்துக்கு எட்டே முக்கால் அடி தூரமும் வேண்டும். இரண்டாவதில் கருவி பார்ப்பவரின் தலைக்குப் பின்னே போய்விடும். நேர்முகமாக வைக்க இடமில்லாமல் ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் படம் சரிவகமாகக் கோணிக்கொள்ளும். அதை நிமிர்த்தும் 'கீஸ்டோன்' வசதி, புள்ளிகளில் ஒரு பகுதியை அணைத்துவிட்டே படத்தைச் செவ்வகமாக்குகிறது என்பதால், முக்காலியின் உயரத்தைச் சரிசெய்வது எப்போதும் மேலான வழி.

படம் வரும் பாதையிலும் ஒரு வாயில்காவல் உண்டு. எச்டிஎம்ஐ வடத்தில் செல்லும் படத்தை யாரும் இடையில் நகலெடுக்காதபடி மறைகுறியாக்கும் எச்டிசிபி என்னும் ஏற்பாட்டையும், கருவி நம்பத்தக்கதா என்று சோதிக்கும் உரிமப் பூட்டையும் இணையம் வழியே படம் தரும் ஓடிடி நிறுவனங்கள் கட்டாயமாக்கியுள்ளன. ஆண்ட்ராய்டு உள்ளேயே இருப்பதாக விற்கப்படும் மலிவுப் புரொஜெக்டரில் அந்த உரிமம் இல்லையென்றால், செயலி திறக்க மறுக்கும் அல்லது மங்கலான படத்தையே தரும். கைப்பேசித் திரையை அப்படியே பிரதிபலிக்க முயன்றால் வசனம் கேட்கும், சுவர் கறுப்பாக இருக்கும். தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகுவதே நடைமுறைத் தீர்வு. புரொஜெக்டருக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கி அதன் விசிறிச் சத்தத்தோடு போட்டியிட்டுத் தோற்பதால் வெளி ஸ்பீக்கரும் தேவைப்படும். ப்ளூடூத் வழியாக இணைத்தால் ஒலி பின்தங்கும். உதடசைவுக்கு ஒலி நொடியில் எட்டில் ஒரு பங்கு பின்தங்கினாலே மனிதர் கண்டுகொள்வார்கள் என்பது ஒளிபரப்புத் துறையின் அளவுகோல். ப்ளூடூத்தின் தாமதம் பல வேளைகளில் அதை மிஞ்சுகிறது. பழைய ஆடியோ ஒயர் இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் தீர்க்கிறது.

கோரிமேட்டின் மண்ணும் காற்றும் தம் பங்குக்குச் சில நிபந்தனைகளை விதிக்கின்றன. மேட்டு நிலத்தின் செம்மண் தூசி, ஒளிப்பாதை மூடப்படாத கருவிகளுக்குள் விசிறி வழியாகப் போய்ச் சில்லின்மேல் அமர்ந்தால், படத்தில் அகலாத புள்ளியாக நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரம் லென்ஸில் பூஞ்சையை வளர்க்கும். பாதரச ஆவி விளக்கில் இயங்கும் பழைய வகைக் கருவிகளை அணைத்தபிறகும் விசிறி சிறிது நேரம் சுற்றி விளக்கை ஆற்ற வேண்டும் என்பதால், திடீரென்று கரண்ட் போவது அவற்றின் ஆயுளைக் குறைக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய ஊரில் இது ஏட்டளவிலான எச்சரிக்கை ஆகாது. எல்ஈடி விளக்குக் கருவிகளுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அவற்றுக்குச் சொல்லப்படும் 20,000 மணி நேர ஆயுள், தினம் மூன்று மணி நேரம் என்ற கணக்கில் பதினெட்டு ஆண்டுகள்.

கருவியின் கணக்கை இத்தனை தூரம் பார்த்தபின், அதன் முதல் நிபந்தனையான இருட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழ் வீடுகளில் இருட்டு ஒரு நடுநிலைப் பொருளாக இருந்ததில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டை இருட்டாகப் போடக்கூடாது, வாசற்கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மதங்கடந்தும் பல வீடுகளில் பேணப்படும் வழக்கம். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பும் ஜூனில் ஆறரைக்குப் பின்பும் சூரியன் மறையும் புதுச்சேரியில், படம் போடத் தகுந்த இருட்டு தொடங்கும் வேளையும் விளக்கேற்றும் வேளையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த மோதலுக்கு ஒரே தீர்வு, படத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளிப்போடுவது. அப்போது இரண்டாவது நிபந்தனை வெளிப்படுகிறது.

தொலைக்காட்சி வீட்டு வேலையோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்ட கருவி. 1999இல் தொடங்கிய 'சித்தி'க்குப் பின் தமிழ் மெகாத் தொடர்கள் பெற்ற வடிவத்தை உற்றுநோக்கினால் இது புலப்படும்: நடந்ததை மறுபடி மறுபடி வசனத்தில் சொல்லுதல், யார் பேசுகிறார்கள் என்பதைப் பின்னணி இசையே அறிவித்துவிடுதல், ஒரு முகத்தில் நீண்ட நேரம் நிற்றல். சமையலறையில் தாளித்துக்கொண்டே காதால் பின்தொடரக்கூடிய கதை அது. அதைத் தரம் குறைந்தது என்று இகழ்ந்தவர்கள், அந்தப் பார்வையாளருக்கு இரண்டு கைகளும் ஒருபோதும் ஓய்வாக இல்லை என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. பகல் முழுதும் தனியாக இருக்கும் முதியவருக்கும் தொலைக்காட்சியின் இடைவிடாத பேச்சு ஒரு துணையாகவே இருந்துவந்தது. பாதிக் கண்ணை மூடியபடி அவர் கேட்டுக்கொண்டிருப்பது நிகழ்ச்சியை அல்ல, மனிதக் குரலை.

புரொஜெக்டர் இந்த இருவரையும் கைவிடுகிறது. காதால் மட்டும் பின்தொடர்வதற்கென்று அது வீட்டுக்குள் வரவில்லை. பகலில் அது வெளிறிப்போகும். இருட்டில் அமர்ந்து, இரண்டரை மணி நேரம் எழாமல், கண்ணைச் சுவரில் வைத்திருக்கக்கூடியவருக்கே அது பயன்படும். ஒரு வீட்டில் அப்படி அமரக்கூடியவர் யார் என்ற கேள்வி உடனே எழுகிறது. அடுப்படியில் விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சம் கூடத்துச் சுவரில் விழுந்து படத்தைக் கெடுக்கும் என்பதால், கதவைச் சாத்திக்கொள் என்ற சொல் யாரை நோக்கிச் சொல்லப்படும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரை உள்ளே அடைத்துவிட்டுத் தொடங்கும் படம், கொட்டகை மரபின் தொடர்ச்சி ஆகாது. கொட்டகையில் டிக்கெட் எடுத்தவர் எவராயினும் படம் முடியும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை. பல பெண்களுக்கு அந்த மூன்று மணி நேரமே வாரத்தின் உண்மையான விடுமுறையாக இருந்தது என்பதைத் தமிழ் சினிமாவின் சமூக வரலாறு இன்னும் அழுத்தமாக எழுத வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையை ஒட்டிய குடியிருப்பில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குபவரும், பகல் பணி முடித்து இரவில் ஓய்பவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, எல்லோரும் விழித்திருக்கும் இருட்டு வாரத்தில் ஓரிரு நாளே வாய்க்கும். தொலைக்காட்சிக்கு இந்தக் கவலை இல்லை. யார் எப்போது வந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். புரொஜெக்டரோ நாளைக் குறிக்கச் சொல்கிறது, படத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, தொடங்கும் நேரத்தை அறிவிக்கச் சொல்கிறது. ஓடிடி தளங்கள் முடிவற்ற பட்டியலைக் காட்டி, ஒரு பகுதி முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே தொடங்கி, ஓட்டத்தை வேறு வழியில் திரும்பக் கொண்டுவர முயல்கின்றன. கருவியைத் துணிபோட்டு மூடி எடுத்துவைக்க வேண்டிய வீட்டில் அந்த ஓட்டம் எளிதில் நிலைகொள்வதில்லை. பார்த்தல் என்பது மறுபடியும் ஒரு தீர்மானமாக ஆவது புரொஜெக்டரின் தலையாய கொடை.

அந்தத் தீர்மானத்தில் பக்கத்து வீட்டாருக்கு இடமுண்டா என்பதற்குச் சட்டம் ஓரளவே பதில் தருகிறது. 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டம் பொதுமக்களுக்குக் காட்டப்படும் படத்துக்கே தணிக்கைச் சான்றிதழைக் கேட்கிறது. வீட்டுக்குள் பார்ப்பதைத் தொடுவதில்லை. ஓடிடி படங்களுக்கு 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனங்களே வயது வகையைக் குறிக்கின்றன. சந்தா நிபந்தனைகளோ தனிப்பட்ட, வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுக்கின்றன. ஆகவே தெருவில் திரை கட்டி, ஊரைக் கூட்டிக் காட்டுவது சந்தாதாரரின் உரிமையில் அடங்காது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். மொட்டை மாடியில் குடும்பத்தோடும் நெருங்கிய நண்பர்களோடும், கட்டணமின்றி, அயலாரின் உறக்கத்தைக் கெடுக்காத ஒலியில் பார்ப்பது இந்த எல்லைக்குள் நிற்கிறது. வின்சென்டின் கூடாரம் இனி வீட்டுக்குள் திரும்பாது. அதன் குணங்களில் ஒன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையற்று அமர்ந்திருத்தல், திரும்ப முடியும்.

தொலைக்காட்சியை விலக்கிப் புரொஜெக்டரை ஏற்பதை எளிமையின் வெற்றியாகவோ ரசனையின் உயர்வாகவோ கொண்டாடுவது மிகை. எல்லோருக்கும் பொதுவாக, அரைக்கவனத்துக்கும் இடங்கொடுத்து, ஒளியில் இயங்கிய ஒரு கருவிக்கு மாற்றாக, முழுக்கவனத்தையும் முழு இருட்டையும் கேட்கும் ஒரு கருவி வருகிறது. இருட்டைத் திரைச்சீலை தந்துவிடும். கவனத்தை வேலைப் பங்கீடுதான் தர வேண்டும். லூமென், வீச்சு விகிதம், உரிமப் பூட்டு ஆகியவற்றை விசாரித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர், தம் வீட்டு அடுப்படி எத்தனை மணிக்கு ஒழிகிறது, அது முன்னதாக ஒழிய யார் யார் கைகொடுக்கப் போகிறார்கள் என்பதையும் அந்தப் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு விடை இல்லாத வீட்டில் தொலைக்காட்சியே இருந்துவிட்டுப் போகட்டும். குறைந்தபட்சம் அது சமையலறைக்கும் கேட்கிறது.